கனஅளவையும் தராசிலேயே அளக்கலாம்: வீட்டில் அடர்த்தி காணும் முறை

ஒரு பொருளின் நிறையை அதன் கனஅளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்தச் சூத்திரத்தில் கணக்குக்குக் கடினமான பகுதி எதுவும் இல்லை. மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகவே வந்துவிடும். ஆனால் ஒரு பித்தளை விளக்கையோ தங்கக் காசையோ கருங்கல் துண்டையோ கையில் வைத்துக்கொண்டு அதன் அடர்த்தியை உண்மையிலேயே காண முற்படும்போது, நிறை எளிதில் வசப்படுவதும் கனஅளவு நழுவிக்கொண்டே போவதும் தெரியவரும். நிறையை ஒரு சாதாரண மின்னணுத் தராசே ஆயிரத்தில் ஒரு பங்கு வரை சரியாகச் சொல்லிவிடுகிறது; கனஅளவை அதே துல்லியத்துடன் சொல்லும் கருவி பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஆகவே இங்கே விளக்கப்படும் வழிகள் எல்லாம் ஒரே யோசனையைப் பின்பற்றுகின்றன: கனஅளவை அளவுகோலாலோ அளவுச் சாடியாலோ அளக்காமல், அதையும் தராசிலேயே எடைபோட்டு அறிந்துகொள்வது.

இனி வரும் அடர்த்தி எண்கள் அனைத்தும் ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் தரப்படுகின்றன. ஒரு மில்லிலிட்டரும் ஒரு கன சென்டிமீட்டரும் ஒன்றே. கன மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்ற கணக்கில் வேண்டுமென்றால் ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

முதலில், வழக்கமான இரண்டு வழிகள் ஏன் போதாமல் போகின்றன என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. ஒழுங்கான வடிவமுள்ள பொருளை அளவுகோலால் அளந்து நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைப் பெருக்குவது முதல் வழி. பக்கம் 2 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மில்லிமீட்டர் கூட்டி அளந்துவிட்டால், 8 கன சென்டிமீட்டர் என்று வரவேண்டியது 9.26 என்று வரும். அதாவது நீளத்தில் 5 விழுக்காடாக இருந்த பிழை கனஅளவில் ஏறக்குறைய 16 விழுக்காடாக வளர்ந்துவிடும். இந்த அளவு பிழையில் இரும்புக்கும் பித்தளைக்கும் வேறுபாடு காண இயலாது. பெரிய மரக்கட்டை, செங்கல் போன்றவற்றுக்கு இந்த வழி போதும். கைக்குள் அடங்கும் பொருள்களுக்குப் போதாது.

இரண்டாவது வழி, அளவுச் சாடியில் நீரை ஊற்றிப் பொருளை மூழ்கடித்து, நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்ப்பது. மன்னரின் தங்க மணிமுடியில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று கண்டறிந்த ஆர்க்கிமிடீசின் கதை பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் சொல்லப்படுகிறது. கதையைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் அதன் சிக்கல் தெரியும். ஒரு கிலோ தூய தங்கத்தின் கனஅளவு சுமார் 51.8 கன சென்டிமீட்டர். அதில் 300 கிராமை எடுத்துவிட்டு அதே எடைக்கு வெள்ளி கலந்தால் கனஅளவு சுமார் 64.8 ஆகும். வேறுபாடு 13 கன சென்டிமீட்டர். மணிமுடி நுழையும்படி 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பாத்திரம் ஒன்றை எடுத்தால், இந்த வேறுபாட்டால் நீர்மட்டம் உயர்வது 0.4 மில்லிமீட்டர் மட்டுமே. நீரின் விளிம்பு பாத்திரத்தின் சுவரில் ஏறி வளைந்து நிற்கும் உயரமே அதைவிட அதிகம். கலிலியோ 1586 இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், ஆர்க்கிமிடீஸ் இப்படிக் கரடுமுரடான வழியைக் கையாண்டிருக்க மாட்டார் என்று கருதி, காற்றிலும் நீரிலும் மாறி மாறி எடைபோடும் ஒரு தராசை விவரித்தார். நாம் செய்யப்போவதும் அதே தத்துவத்தின் எளிய வடிவமே; மின்னணுத் தராசு இருப்பதால் நமக்கு வேலை இன்னும் குறைவு.

தேவையானவை

மிகச் சிறிய பொருள்களுக்கு 0.01 கிராம் வரை காட்டும் கையடக்க நகைத் தராசும், உள்ளங்கை அளவுப் பொருள்களுக்கு 0.1 கிராம் வரை காட்டும் தராசும் ஏற்றவை. சமையலறைத் தராசு பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் குறைந்து காட்டாது. அதில் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பொருள்களை மட்டுமே முயலலாம். நகைத் தராசின் தாங்குதிறன் பல நேரங்களில் 200 கிராமோடு நின்றுவிடும் என்பதால், நீரும் பாத்திரமும் சேர்ந்தே அந்த வரம்பைத் தாண்டிவிடாமல், மெல்லிய பிளாஸ்டிக் குவளையில் பொருள் மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் எடுக்க வேண்டும். கட்டித் தொங்கவிடத் தூண்டிலுக்குப் பயன்படும் மெல்லிய நைலான் நரம்பு சிறந்தது. தையல் நூல் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். தராசின் இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு அளவுகோலை வைத்துவிட்டால் தாங்கி தயாராகிவிடும். கையில் பிடித்துத் தொங்கவிட்டால் கை நடுக்கம் எண்களில் தெரியும்.

செய்முறை

தராசைச் சமதளமான மேசையில் வைத்து, அதன்மேல் நீருள்ள குவளையை வைத்து, சுழியப் பொத்தானை அழுத்தி அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நரம்பில் கட்டிய பொருளை மெதுவாக இறக்கி, அது முழுவதும் நீரில் மூழ்கியும், அடியையோ சுவரையோ தொடாமலும் தொங்கும்படி தாங்கியில் நரம்பைப் பொருத்த வேண்டும். இப்போது தராசில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதுவே முதல் அளவு. அடுத்து நரம்பைத் தளர்த்தி, பொருள் குவளையின் அடியில் முழுமையாக அமரும்படி விட்டுவிட்டு, மீண்டும் தராசைப் பார்க்க வேண்டும். இது இரண்டாவது அளவு.

இரண்டாவது அளவு பொருளின் நிறை. முதல் அளவு, பொருள் இடம்பெயர்த்த நீரின் நிறை. நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1 என்பதால் அந்த எண்ணே பொருளின் கனஅளவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

பொருள் நரம்பில் தொங்கும்போது அதன் எடையை நரம்புதானே தாங்குகிறது, தராசு எதை எடைபோடுகிறது என்ற ஐயம் இங்கே எழுவது இயல்பு. மூழ்கிய பொருளை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை, பொருள் இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமம். நீர் பொருளை மேலே தள்ளும் அதே விசையால் பொருள் நீரைக் கீழே தள்ளுகிறது. தராசு காட்டுவது இந்தக் கீழ்நோக்கிய தள்ளலைத்தான். மீதி எடை நரம்பின் வழியாகத் தாங்கிக்குப் போய்விடுவதால், பொருள் பித்தளையோ ஈயமோ அலுமினியமோ, அதன் கனஅளவு ஒன்றாக இருக்கும் வரை இந்த அளவு மாறுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. பித்தளை என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு சிறிய அகல் விளக்கைத் தொங்கவிட்டபோது தராசு 10.9 கிராமும், அடியில் அமர்த்தியபோது 92.3 கிராமும் காட்டுகின்றன என்று கொள்வோம். 92.3 ஐ 10.9 ஆல் வகுத்தால் 8.47. பித்தளையின் அடர்த்தி, அதில் கலந்துள்ள துத்தநாகத்தின் பங்கைப் பொறுத்து 8.4 முதல் 8.7 வரை அமையும், இரும்பு 7.87, செம்பு 8.96, அலுமினியம் 2.70. ஆக இந்த விளக்கு பித்தளையே என்று ஏற்பதில் தடையில்லை. பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருந்திருந்தால் விடை 7.9 ஐ ஒட்டி வந்திருக்கும்.

இந்த முறையின் சிறப்பு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இரண்டு அளவுகளும் ஒரே தராசிலிருந்து வந்து ஒன்றையொன்று வகுப்பதால், தராசு எல்லா எடைகளையும் 2 விழுக்காடு கூட்டிக் காட்டினாலும் விடை மாறாது. புவியீர்ப்பு துருவத்தைவிட நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய அரை விழுக்காடு குறைவு என்பதும் இதே காரணத்தால் பொருட்டில்லை. நிறையை ஒரு தராசிலும் கனஅளவை வேறொரு சாடியிலும் அளப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

எங்கே தவறும்

முதல் எதிரி காற்றுக் குமிழி. சங்கிலியின் கண்ணிகளுக்கிடையிலும் விளக்கின் வேலைப்பாட்டு இடுக்குகளிலும் ஒட்டிக்கொள்ளும் குமிழிகள், பொருளின் கனஅளவைக் கூட்டி, அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். நீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சேர்த்து, பொருளை நீருக்குள்ளேயே இரண்டு மூன்று முறை உலுக்கிவிட்டால் பெரும்பாலானவை அகன்றுவிடும். குழாயிலிருந்து அப்போதே பிடித்த நீரில் கரைந்துள்ள காற்று சிறிது நேரத்தில் குமிழியாகப் பொருளின்மேல் படியும் என்பதால், கொதிக்கவைத்து ஆறிய நீர் மேலானது.

இரண்டாவது, தராசின் சொந்தப் பழக்கம். பல மின்னணுத் தராசுகள் சுழியத்துக்கு அருகே ஏற்படும் மிகச் சிறிய, மெதுவான மாற்றங்களைத் தாமாகவே அழித்துச் சுழியத்தில் நிற்கும்படி செய்யப்பட்டவை. அரைக் கிராமுக்கும் குறைவான இடப்பெயர்ச்சியை அளக்கும்போது, பொருளை மிக மெதுவாக இறக்கினால் அந்த மாற்றத்தின் ஒரு பகுதியைத் தராசு விழுங்கிவிடக்கூடும். சுழியமாக்கிய பின் தட்டின் ஓரத்தில் ஒரு நாணயத்தை வைத்து, அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் கூடும் அளவை மட்டும் எடுத்தால் இந்தத் தொல்லை நீங்கும். சில தராசுகள் ஓரிரு நிமிடங்களில் தாமாக அணைந்துவிடும் என்பதால், இறக்குவதற்கான ஏற்பாடுகளை முடித்துவிட்டுக் கடைசியில் சுழியமாக்குவதே முறை.

மூன்றாவது, வெப்பநிலை. 1795 இல் பிரான்சில் கிராம் வரையறுக்கப்பட்டபோது, உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் உள்ள ஒரு கன சென்டிமீட்டர் தூய நீரின் எடையே அதற்கு அடிப்படையாயிற்று. பிற்காலத்தில் 1901 முதல் 1964 வரை லிட்டர் என்பதே, மிகுந்த அடர்த்தியுள்ள நிலையில் ஒரு கிலோ நீர் பிடிக்கும் இடம் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. கிராமும் மில்லிலிட்டரும் நீரில் சமமாக நிற்பது இந்தப் பிறப்பு உறவால்தான். ஆனால் அந்தச் சமன்பாடு 4 பாகை செல்சியசை ஒட்டியே மெய்யாகும். 20 பாகையில் நீரின் அடர்த்தி 0.9982, 30 பாகையில் 0.9957, 35 பாகையில் 0.9940. சென்னையின் சாதாரணப் பகல்பொழுதில் அறையிலுள்ள நீர் 30 பாகையை ஒட்டி இருக்கும் என்பதால், கிடைத்த விடையை 0.9957 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். நம் விளக்கின் 8.47 இந்தத் திருத்தத்துக்குப் பின் 8.43 ஆகிறது.

இந்தத் திருத்தத்தைவிடப் பெரியது, தராசின் கடைசி இலக்கத்தால் வரும் ஐயம். 10.9 என்று காட்டிய தராசில் உண்மை அளவு 10.8 ஆகவோ 11.0 ஆகவோ இருக்க வாய்ப்புண்டு என்று கொண்டால், விடை 8.4 க்கும் 8.55 க்கும் இடையே எங்கும் இருக்கலாம். கைக்கணிப்பொறி 8.4678899 என்று காட்டுவதை அப்படியே எழுதிவைப்பதில் பொருளில்லை. இரண்டு அல்லது மூன்று இலக்கங்களுக்கு மேல் நாம் அளக்கவே இல்லை.

தங்கம்

அடர்த்தி என்றவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழும் கேள்வி தங்கத்தைப் பற்றியது என்பதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். தூய தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளி 10.5; செம்பு 8.96. 22 காரட் தங்கத்தில் 91.67 விழுக்காடு தங்கமும், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும் இருக்கும்.

கலவையின் அடர்த்தியைக் கணக்கிடும்போது பலர் ஓரிடத்தில் வழுக்குகிறார்கள். நிறையின் விழுக்காட்டைக் கொண்டு அடர்த்திகளுக்குச் சராசரி எடுத்தால், செம்பு கலந்த 22 காரட் தங்கத்துக்கு 18.4 என்று விடை வரும்; அது தவறு. கலக்கும்போது கூடுவது நிறையும் கனஅளவும்தான், அடர்த்தி கூடுவதில்லை. ஆகவே 100 கிராமை எடுத்துக்கொண்டு, தங்கத்தின் பங்கான 91.67 கிராமை 19.3 ஆல் வகுத்தால் 4.75 கன சென்டிமீட்டர். செம்பின் பங்கான 8.33 கிராமை 8.96 ஆல் வகுத்தால் 0.93; மொத்தக் கனஅளவு 5.68. நூறை இதனால் வகுத்தால் 17.6. செம்புக்குப் பதில் முழுவதும் வெள்ளியே கலந்திருந்தால் 18.0. ஆக 22 காரட் நகையின் அடர்த்தி இந்த இரண்டுக்கும் இடையே விழ வேண்டும். இதே கணக்கில் 20 காரட் 16.2 முதல் 16.9 வரையும், 18 காரட் 15 முதல் 16 வரையும் அமையும். (கனஅளவும் எப்போதும் சரியாகக் கூடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 50 மில்லிலிட்டர் நீரையும் 50 மில்லிலிட்டர் தூய எத்தனாலையும் கலந்தால் 100 வராமல் 97 ஐ ஒட்டியே வரும். நிறை மட்டும் ஒருபோதும் குறைவதில்லை. உலோகக் கலவைகளில் இந்தச் சுருக்கம் நம் தேவைக்குப் புறக்கணிக்கத் தக்கது.)

இப்போது ஒரு பவுன், அதாவது 8 கிராம் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 22 காரட்டானால் அது இடம்பெயர்க்கும் நீர் 0.44 முதல் 0.45 கிராம்; 20 காரட்டானால் 0.47 முதல் 0.49 வரை, 18 காரட்டானால் 0.50 முதல் 0.53 வரை. 0.01 கிராம் காட்டும் தராசில் முதலாவதையும் மூன்றாவதையும் பிரித்துவிடலாம். முதலாவதையும் இரண்டாவதையும் பிரிப்பது ஏறக்குறைய நடவாத காரியம், ஏனென்றால் கடைசி இலக்கத்தின் தடுமாற்றமே அந்த இடைவெளியை விழுங்கிவிடும். அதே தராசில் ஐந்து பவுன் எடையுள்ள கெட்டி வளையலை அளந்தால் 22 காரட்டுக்கு 2.22 முதல் 2.27 வரையும், 20 காரட்டுக்கு 2.36 முதல் 2.47 வரையும் வரும்; இடைவெளி ஐந்து மடங்குக்கு அருகில் விரிந்துவிடுவதால் முடிவு உறுதியாகும். பொருள் பெரிதாகப் பெரிதாக இந்த முறை கூர்மையாகும் என்பதை எல்லாப் பொருள்களுக்கும் நினைவில் கொள்ளலாம். ஒரே மாதிரியான சிறு பொருள்கள் பல இருந்தால், அவற்றைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக மூழ்கடிப்பது நல்ல வழி.

கல் பதித்த நகை, உள்ளே அரக்கு நிரப்பிய நகை, உட்கூடான நகை ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. கல்லும் அரக்கும் தங்கத்தைவிடப் பல மடங்கு அடர்த்தி குறைந்தவை என்பதால் நல்ல நகையும் மட்டமானதாகத் தெரியும். அரக்கு நிரப்பியதை நீரில் போடுவதும் நல்லதன்று. மறுபுறம், சோதனையில் தேறிவிட்டது என்பதாலேயே ஒரு தங்கக்கட்டி தூயது என்றும் சொல்லிவிட முடியாது. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. தங்கத் தகட்டுக்குள் டங்ஸ்டனை மறைத்துவைத்தால் நம் தராசு மட்டுமன்றி ஆய்வுக்கூடத் தராசும் தடுமாறும். அடர்த்தி ஒரு பொருளை ‘இது அதுவன்று’ என்று விலக்குவதில் வலிமையானது. ‘இது அதுவே’ என்று உறுதி செய்வதில் அத்தனை வலிமையானதன்று. ஹால்மார்க் மையங்களில் ஊடுகதிர் ஒளிர்வு முறையும், உருக்கிப் பார்க்கும் தீச்சோதனையும் கையாளப்படுவது இதனால்தான்.

மிதப்பவை, திரவங்கள், மணல்

மரத்துண்டு, மெழுகு போன்ற மிதக்கும் பொருள்களுக்குச் செய்முறை சற்றே தலைகீழாகும். சுழியமாக்கிய குவளையில் பொருளை மிதக்கவிட்டால் தராசு காட்டுவது அதன் நிறை. மெல்லிய ஊசியால் அதை நீருக்குள் முழுவதும் அமிழ்த்திப் பிடித்தால் காட்டுவது கனஅளவு. ஊசி மட்டும் நீரில் இருக்க வேண்டும். விரல் நனைந்தால் விரலின் கனஅளவும் கணக்கில் ஏறிவிடும். மரம் நீரை உறிஞ்சுமாதலால் விரைவாக முடித்துவிட வேண்டும், அல்லது முன்கூட்டியே மெழுகு தேய்த்துவிட வேண்டும்.

உப்பு, சர்க்கரை போன்ற கரையும் பொருள்களை நீருக்குப் பதில் எண்ணெயில் தொங்கவிடலாம். அப்போது முதல் அளவு இடம்பெயர்ந்த எண்ணெயின் நிறை; அதை எண்ணெயின் அடர்த்தியால் வகுத்தால்தான் கனஅளவு வரும்.

அந்த எண்ணெயின் அடர்த்தியைக் காண ஒரு சிறு கண்ணாடிப் புட்டி போதும். கழுத்து குறுகலாக இருக்க வேண்டும். ஏனென்றால் விளிம்பு வரை நிரப்புவதில் ஏற்படும் வேறுபாடு குறுகிய கழுத்தில் சில துளிகளோடு நின்றுவிடும். உலர்ந்த வெற்றுப் புட்டி, நீர் நிரப்பிய புட்டி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பின் எண்ணெய் நிரப்பிய புட்டி என்று மூன்று முறை எடைபோட வேண்டும். வெற்றுப் புட்டி 112.4 கிராம், நீருடன் 318.9, கடலை எண்ணெயுடன் 301.2 என்று வந்தால், நீர் 206.5 கிராம், எண்ணெய் 188.8 கிராம். இரண்டின் விகிதம் 0.914, 30 பாகைக்கான திருத்தத்துக்குப் பின் 0.910. ஆகவே ஒரு லிட்டர் கடலை எண்ணெய் வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரு கிலோ அன்று, சுமார் 910 கிராம். விலையை ஒப்பிடும்போது லிட்டர் விலையையும் கிலோ விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஏமாறுவதற்கான நேர்வழி.

எண்ணெய் சூடாகும்போது ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.07 விழுக்காடு விரிகிறது. 30 பாகையில் 910 கிராம் இருந்த ஒரு லிட்டர், 60 பாகையில் 890 கிராமே இருக்கும். சில நிறுவனங்கள் உறையில் ‘60 பாகையில் ஒரு லிட்டர்’ என்று அச்சிட்டுக்கொண்டிருந்தன. வாங்குபவர் வீட்டில் எண்ணெய் அந்த வெப்பநிலையில் இருப்பதே இல்லை. 2022 இல் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவை எழுத வேண்டும் என்றும், அத்துடன் எடையையும் சரியாகக் குறிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. என் கருத்தில், உறையில் நாம் நம்ப வேண்டியது கிராம் எண்ணை மட்டுமே. வெயிலிலும் குளிரிலும் மாறாதது அது ஒன்றுதான்.

பாலுக்கும் இதே புட்டிமுறை பொருந்தும், ஆனால் எச்சரிக்கையுடன். பாலின் அடர்த்தி 1.028 முதல் 1.032 வரை. 1.030 உள்ள பாலில் பத்தில் ஒரு பங்கு நீர் சேர்ந்தால் 1.027 ஆகிறது, ஆயிரத்தில் மூன்று பங்கான இந்த வேறுபாட்டை வீட்டுத் தராசில் பிடிப்பது மிகவும் கடினம். பால்மானி கூட ஓரளவுக்குத்தான் உதவும். கொழுப்பு நீரைவிட அடர்த்தி குறைந்தது. பாலேட்டை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும், பிறகு நீர் சேர்த்தால் குறைந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். இரண்டையும் அளவாகச் செய்பவரைப் பால்மானி காட்டிக்கொடுக்காது.

தராசே இல்லாமல் அடர்த்தியைப் பயன்படுத்தும் வழியும் உழவர்களிடம் உண்டு. நெல் விதையைத் தேர்ந்தெடுக்க, பத்து லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ அளவுக்கு உப்பைக் கரைத்து, நல்ல முட்டை ஒன்றை இட்டு, அது மிதந்து மேற்புறம் சிறு நாணய அளவு வெளியே தெரியும் வரை உப்பைச் சரிசெய்வார்கள். முட்டையே இங்கு அடர்த்திமானி. அந்தக் கரைசலில் மூழ்கும் நெல் முற்றிய விதை. மிதப்பது பதரும் அரைகுறையாகப் பால் பிடித்ததும். பிறகு விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். முட்டை புதியதாக இருப்பது இன்றியமையாதது; நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெருகிவிடுவதால் அது குறைந்த உப்பிலேயே மிதந்துவிடும்.

அரிசி, மணல் போன்று குவியலாகக் கிடப்பவற்றுக்கு அடர்த்தி இரண்டு உண்டு: மணியின் அடர்த்தி ஒன்று, இடையிலுள்ள காற்றையும் சேர்த்த குவியலின் அடர்த்தி மற்றொன்று. படியால் அளந்த காலத்தில் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா, படியைக் குலுக்கலாமா என்றெல்லாம் எழுந்த வழக்குகள் குவியலின் அடர்த்தி நிலையற்றது என்பதால் வந்தவை. உலர்ந்த ஆற்றுமணலை ஒரு லிட்டர் பாத்திரத்தில் தலைதட்டி நிரப்பினால் எடை சுமார் 1.6 கிலோ இருக்கும். ஆனால் மணல் துகளின் அடர்த்தி 2.65. அதாவது பாத்திரத்தில் மணல் பிடித்திருக்கும் இடம் 0.6 லிட்டர் மட்டுமே. அதே பாத்திரத்தில் மணல் வழியாமல் நீரை மெதுவாக ஊற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் உள்ளே போவதைக் கண்ணாலேயே காணலாம்.

வீடு கட்டுபவர்களுக்கு இதில் பணம் அடங்கியிருக்கிறது. மணல் தமிழ்நாட்டில் யூனிட் கணக்கில், அதாவது நூறு கன அடி கணக்கில் விற்கப்படுகிறது. சற்றே ஈரமான மணலில் ஒவ்வொரு துகளையும் சுற்றி நீர்ப்படலம் அமைந்து துகள்களை விலக்கி நிறுத்துவதால், எடையில் 5 விழுக்காடு ஈரமே கனஅளவை 20 முதல் 30 விழுக்காடு வரை உப்பச் செய்துவிடும். மெல்லிய மணலில் இன்னும் கூடுதலாகும். இதைச் சோதிக்கத் தராசு தேவையில்லை. நேரான சுவருள்ள பாத்திரத்தில் லாரியிலிருந்து எடுத்த மணலை அழுத்தாமல் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, மட்டப்படுத்தி, உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். மணலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, முதல் பாத்திரத்தில் பாதிக்கு நீர் ஊற்றி, மணலை மீண்டும் அதில் போட்டு, ஒரு கம்பியால் குத்திக் கிளறிப் படியவிட்டு, மறுபடி உயரத்தை அளக்க வேண்டும். முழுவதும் நீரில் மூழ்கிய மணலில் படலத்தின் விலக்கம் அற்றுப்போவதால், அது உலர்ந்த மணலின் கனஅளவுக்கே திரும்பிவிடும். முதலில் 200 மில்லிமீட்டர் இருந்தது பிறகு 160 ஆனால், உப்பல் 25 விழுக்காடு. நூறு கன அடிக்குப் பணம் கொடுத்தவருக்கு உலர்மணல் கணக்கில் வந்து சேர்ந்தது எண்பது. கலவை போடும்போதும் இது தேவைப்படும். ஒரு சட்டி சிமென்டுக்கு நான்கு சட்டி உலர்மணல் என்பது விகிதமானால், இந்த மணலில் ஐந்து சட்டி போட வேண்டும்.